கூட்டாளிகள் முடித்துவைத்த பயங்கரம்

கேரளத்தில் தமிழ்வழி படிக்கும் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் பிரெஞ்சுப் புரட்சி, ருஷ்யப் புரட்சி, சீனப் புரட்சி மூன்றும் பல ஆண்டுகள் ஒரே பாடத்துக்குள் இருந்தன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வகுப்பெடுக்கும் எங்களுக்கு அந்தப் பாடத்தின் போக்கு அத்துபடி. பாஸ்டில் சிறை உடைந்ததைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மன்னனின் தலை போனதைச் சொன்னால் பின் வரிசையும் நிமிரும். எதிரிகள் என்று கருதியவர்களைப் புரட்சி அரசே கூட்டம் கூட்டமாகக் கொன்ற 1793-94 காலம், அதாவது பயங்கர ஆட்சிக்கு வந்து சேரும்போது மணி அடித்துவிடும். "ரோபஸ்பியரும் கில்லட்டினில் கொல்லப்பட்டார், பயங்கர ஆட்சி முடிவுக்கு வந்தது" என்ற வரியை அடிக்கோடு போடச் சொல்லிவிட்டு அடுத்த புரட்சிக்குப் போய்விடுவோம்.

ரோபஸ்பியர் அந்த ஆட்சியின் முதன்மைத் தலைவர்; கில்லட்டின் தலை வெட்டும் பொறி. அந்த வரிக்குள் என்ன நடந்தது? யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். மக்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துப் பொங்கி எழுந்தார்கள் என்பார்கள். இல்லையென்றால், நல்லவர்கள் சிலர் உயிரைப் பணயம் வைத்து எதிர்த்தார்கள் என்பார்கள். இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாரிஸிலும் சரி, மாஸ்கோவிலும் சரி, கொலைகளை நிறுத்தியவர்கள் அதுவரை கொலைகளை நடத்திக்கொண்டிருந்தவர்களே. அவர்களில் பலருக்கு மனம் மாறியதாகச் சான்று எதுவும் இல்லை. அடுத்த பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியது. அவ்வளவுதான்.

பாரிஸிலிருந்து தொடங்குவோம். 1793இல் பிரான்ஸைச் சுற்றிலும் போர். ஆஸ்திரியா, பிரஷ்யா, பிரிட்டன், ஸ்பெயின் எல்லாம் எதிரிகள். உள்நாட்டில் வாந்தே பகுதியில் கிளர்ச்சி. மார்ச்சில் புரட்சித் தீர்ப்பாயமும் ஏப்ரலில் ஆட்சியை நடத்தும் பொதுப் பாதுகாப்புக் குழுவும் அமைந்தன. செப்டம்பரில் சந்தேகத்துக்குரியவர்களைப் பிடித்து அடைக்கச் சட்டம் வந்தது. முதலில் எதிர்த்தரப்பு ஜிரோண்டின்கள் போனார்கள். 1794 மார்ச்சில் தீவிரம் போதாது என்று குரல் எழுப்பிய எபேர் கூட்டம். ஏப்ரல் 5 அன்று தீவிரம் போதும் என்று சொன்ன டான்டன். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வெட்டியாயிற்று. நாடு முழுவதும் தீர்ப்பு எழுதிக் கொன்றவர்கள் மட்டும் சுமார் 17,000 பேர். தீர்ப்பே இல்லாமல் செத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

போர்க்கால நெருக்கடிதான் இத்தனைக்கும் காரணம் என்று வாதிடுபவர்கள் எங்கள் ஊர் டீக்கடைகளிலும் உண்டு. அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதியை 1794 ஜூன் மாதத்தின் தேதிகளே மறுக்கின்றன. உள்நாட்டுக் கிளர்ச்சிகளின் முதுகெலும்பு முறிந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஜூன் 26 அன்று ஃப்ளூரஸ் களத்தில் ஆஸ்திரியப் படை தோற்றது. பிரான்ஸுக்குள் எதிரி வருவான் என்ற அச்சம் அகன்றது. ஆனால் அதற்குச் சரியாகப் பதினாறு நாட்களுக்கு முன்புதான் ரோபஸ்பியரின் கூட்டாளி கூத்தோன் கொண்டுவந்த புதிய சட்டம் நிறைவேறியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்பு இரண்டே: விடுதலை அல்லது மரணம். அதற்கு முந்தைய பதினைந்து மாதங்களில் பாரிஸ் தீர்ப்பாயம் கொன்றது சுமார் 1,250 பேரை. இந்தச் சட்டம் வந்த பிறகு ஏழே வாரங்களில் சுமார் 1,370 பேர். ஆபத்து குறையக் குறையத் தலைகள் கூடுதலாக விழுந்தன.

அந்தச் சட்டத்தில் இன்னொரு சங்கதி ஒளிந்திருந்தது. தேசிய மாநாடு என்பது அன்றைய நாடாளுமன்றம். அதன் உறுப்பினரைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அவையின் ஒப்புதல் வேண்டும் என்று அதுவரை இருந்தது. புதிய சட்டம் அந்தக் காப்பை எடுத்துவிடுகிறதோ என்று உறுப்பினர்கள் சந்தேகப்பட்டார்கள். மறுநாளே அவையில் அதைக் கிளப்பினார்கள். ரோபஸ்பியரும் கூத்தோனும் சீறி அடக்கினார்கள். ஊரார் ஆயிரம் பேர் வண்டியில் ஏறிப் போனபோது வாய் திறக்காத அவை, தன் கழுத்து என்று வந்ததும் விதிகளைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கியது.

பயந்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவர் ஜோசப் ஃபூஷே. லியோன் நகரத்தின் கிளர்ச்சியை ஒடுக்கப் போனவர். கைதிகளை வெட்டவெளியில் வரிசையாக நிறுத்திப் பீரங்கியால் சுடவைத்தவர். அங்கே அவரோடு இருந்த கொலோ தெர்புவா பொதுப் பாதுகாப்புக் குழுவிலேயே உறுப்பினர். போர்தோ நகரத்தில் ஆட்டம் போட்டுவிட்டு வந்தவர் தாலியன். தூலோனில் ரத்தம் சிந்தவைத்தவர்கள் பராஸும் ஃப்ரேரோனும். மாகாணங்களுக்குத் தூதர்களாகப் போய் எல்லை மீறிய இவர்கள் மீது ரோபஸ்பியருக்கு வெறுப்பு. ஜூலை நடுவில் ஃபூஷேயைப் புரட்சியாளர்களின் ஜாக்கோபின் சங்கத்திலிருந்து நீக்கவைத்தார். நீக்கம் என்றால் அடுத்த படி என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபூஷே இரவில் உறுப்பினர்களின் வீடு வீடாகப் போய், "பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள்" என்று காதில் போட்டுவிட்டு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்படி ஒரு பட்டியல் இருந்ததா என்பது அவருக்கு முக்கியமில்லை.

அந்தப் பொய்யை மெய்யாக்கிக் கொடுத்தவர் ரோபஸ்பியரே. ஆறு வாரங்களாக அவைப் பக்கம் வராதவர் ஜூலை 26 அன்று மேடை ஏறி இரண்டு மணி நேரம் பேசினார். புரட்சிக்கு எதிராகச் சதி நடக்கிறது, குழுக்களுக்குள்ளேயே சதிகாரர்கள் இருக்கிறார்கள், களையெடுக்க வேண்டும் என்றார். யார் அவர்கள்? பெயர்களைச் சொல் என்று அவையிலிருந்து குரல் எழுந்தது. அவர் சொல்லவில்லை. நான்கு பெயர்களைச் சொல்லியிருந்தால் அந்த நான்கு பேரைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்; டான்டன் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. பெயர் சொல்லாததால் அவையில் இருந்த ஒவ்வொருவரும் அந்த இரவு தன் பெயரைத் தானே பட்டியலில் எழுதிப் பார்த்துக்கொண்டார்கள். பயங்கர ஆட்சியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய அரசியல் பிழை எனக்குத் தெரிந்து இல்லை. அன்று மாலை ஜாக்கோபின் சங்கத்தில் அதே உரையை மீண்டும் படித்தார். எதிர்த்த கொலோவையும் இன்னொரு குழு உறுப்பினர் பில்லோ வாரெனையும் தள்ளி வெளியேற்றினார்கள். அவர்கள் நேராகக் குழு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ரோபஸ்பியரின் நெருங்கிய கூட்டாளி செயின்ட் ஜஸ்ட் மறுநாள் அறிக்கையை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 27. புரட்சி நாட்காட்டியில் தெர்மிதோர் 9. அவைத் தலைவர் நாற்காலியில் கொலோ. செயின்ட் ஜஸ்ட் சில வாக்கியங்கள் படிப்பதற்குள் தாலியன் குறுக்கே பாய்ந்தார். கத்தியை உருவிக் காட்டினார். ரோபஸ்பியர் பேச எழும்போதெல்லாம் "கொடுங்கோலன் ஒழிக" என்ற கூச்சல். கொலோ மணியை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரின் தற்காப்பு வாதத்தை வெட்டிய மனிதருக்குக் கடைசியில் ஒரு முழு வாக்கியம் பேசக் கிடைக்கவில்லை. அதுவரை பெயரே வெளியில் தெரியாத லூஷே என்ற உறுப்பினர் கைது செய்யத் தீர்மானம் கொண்டுவந்தார். கைகள் உயர்ந்தன. ரோபஸ்பியர், அவர் தம்பி, செயின்ட் ஜஸ்ட், கூத்தோன், லெபா ஐந்து பேரும் கைது.

கதை அதோடு முடியவில்லை. பாரிஸ் நகராட்சி ரோபஸ்பியர் பக்கம். சிறைக்காவலர்கள் அவரை ஏற்க மறுத்தார்கள். அந்த இரவில் ஐவரும் ஒவ்வொருவராக நகராட்சி மாளிகையில் கூடிவிட்டார்கள். ஆபத்து மணி அடித்தது. முன்பெல்லாம் அந்த மணி கேட்டால் பாரிஸின் உழைக்கும் மக்கள் ஆயுதத்தோடு திரளுவார்கள். அன்று நகரத்தின் 48 பிரிவுகளில் சிலவே ஆட்களை அனுப்பின. வந்தவர்களும் நள்ளிரவில் கலைந்தார்கள். காரணம் வயிறு. நான்கு நாட்களுக்கு முன்புதான் நகராட்சி கூலிக்கு உச்சவரம்பு அறிவித்திருந்தது. பல தொழிலாளர்களுக்குக் கையில் வரும் கூலி குறைந்தது. மறுநாள் வண்டிகள் கில்லட்டினுக்குப் போனபோது கூட்டத்திலிருந்து அந்த உச்சவரம்பைத் திட்டும் குரல்கள் கேட்டன. மக்கள் எழுந்து பயங்கரத்தை வீழ்த்தவில்லை. அதைக் காப்பாற்ற எழவில்லை. அந்த இரவில் இதுவே போதுமானதாக இருந்தது.

அவை அவர்களைச் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்தது. அப்படி அறிவித்துவிட்டால் விசாரணை வேண்டாம், ஆள் அவர்தானா என்று உறுதி செய்தால் போதும். அதிகாலை இரண்டு மணியளவில் பராஸின் படை மாளிகைக்குள் நுழைந்தது. லெபா தன்னையே சுட்டுக்கொண்டார். ரோபஸ்பியரின் தாடை குண்டால் சிதைந்தது. ஜூலை 28 மாலை ரோபஸ்பியர் உட்பட 22 பேர் கில்லட்டினில். அடுத்த இரண்டு நாட்களில் நகராட்சிக்காரர்களையும் சேர்த்து மொத்தம் நூற்றுக்கும் மேல். அடையாளச் சடங்கை நடத்தியது அதே தீர்ப்பாயம்தான். அரசு வழக்கறிஞரும் அதே ஃபூக்கியே தின்வில்.

இங்கே பாடப்புத்தகத்தின் வரி முடிகிறது. பயங்கரம் முடிந்ததா என்றால், முடிக்க வேண்டும் என்று அந்த வாரம் யாரும் திட்டமிடவில்லை. பொதுப் பாதுகாப்புக் குழுவின் பரேர், இது சிறிய சலசலப்பு, அரசாங்கம் அப்படியே இருக்கிறது என்ற தொனியில்தான் அவையில் பேசினார். புதிய தீர்ப்பாயத்துக்கு அவர் கொண்டுவந்த பெயர்ப் பட்டியலில் ஃபூக்கியே தின்வில் மறுபடி இருந்தார். அவையில் முணுமுணுப்பு. ஆகஸ்ட் முதல் தேதி, தூலோனின் அதே ஃப்ரேரோன் எழுந்து அவரைக் கைது செய்யக் கோரினார். அன்றே கூத்தோனின் சட்டமும் ரத்தானது. குழு உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் மாதந்தோறும் மாற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். சிறைகள் திறந்தன. வெளியே வந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அப்போதுதான் கூட்டாளிகளுக்குப் புரிந்தது: எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் கட்ட வேண்டுமானால் தாங்கள் எப்போதும் பயங்கரத்துக்கு எதிரிகள் என்று காட்டிக்கொள்ள வேண்டும், அப்படிக் காட்ட வேண்டுமானால் கொலையை உண்மையிலேயே நிறுத்தியாக வேண்டும்.

எல்லோராலும் அந்த வேடத்தைப் போட முடியவில்லை. நான்த் நகரத்தில் கைதிகளைப் படகோடு ஆற்றில் மூழ்கடித்த காரியே டிசம்பர் 16 அன்று கில்லட்டினுக்குப் போனார். ஃபூக்கியே தின்வில், தான் ஆணைகளை நிறைவேற்றியவன் மட்டுமே என்று வாதாடிப் பார்த்தார். 1795 மே 7 அன்று அவர் முறை வந்தது. மணி ஆட்டிய கொலோவும் பில்லோவும் கயானாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஃபூஷே தப்பித்தார், பிற்காலத்தில் நெப்போலியனின் காவல்துறை அமைச்சரும் ஆனார்.

ஏழைகளுக்கு இந்த முடிவு என்ன கொடுத்தது என்பதைப் பற்றித்தான் நம் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. பயங்கர ஆட்சியின் இன்னொரு முகம் தானியத்துக்கும் ரொட்டிக்கும் விலை உச்சவரம்பு. வாளையாறு, வேலந்தாவளம் சோதனைச் சாவடிகளை ஏமாற்றி அரிசி போன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கட்டுப்பாடு என்றதும் சரக்கு எப்படிப் பதுங்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரான்ஸில் அந்த உச்சவரம்பு ஓரளவாவது நடந்ததற்குக் காரணம் கில்லட்டின் பயம். 1794 டிசம்பர் 24 அன்று உச்சவரம்பை எடுத்தார்கள். காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்தது, குளிர் கடுமை, பாரிஸில் பட்டினி. 1795 ஏப்ரலிலும் மே மாதத்திலும் மக்கள் "ரொட்டியும் 1793 அரசியல் சட்டமும்" என்று கேட்டு அவைக்குள்ளேயே புகுந்தார்கள். ராணுவம் அடக்கியது. தெற்கே லியோனிலும் மார்செயிலும் பழிவாங்கும் கும்பல்கள் சிறைக்குள் நுழைந்து ஜாக்கோபின்களை வெட்டிக் கொன்றன. அரசு செய்த கொலை நின்றது. தெருவில் நடந்த கொலையை அரசு பார்த்துக்கொண்டிருந்தது.

இனி மாஸ்கோ. எங்கள் பக்கம் கட்சி மாநாட்டுப் பதாகைகளில் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நால்வரும் வரிசையாக இருப்பார்கள். அந்த நாலாவது படம் பற்றிய சண்டை தேநீர் ஆறும்வரை ஓடும். நான் இங்கே பேசுவது ஒரே ஒரு விஷயம்: கொலை எப்படி நின்றது?

இருமுறை நின்றது. 1937, 1938 இரண்டே ஆண்டுகளில் சோவியத் உள்துறை ஆவணங்களின்படியே 6,81,692 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1938 நவம்பர் 17 அன்று ஓர் ஆணை வந்து கூட்டக் கைதுகளை நிறுத்தியது. ரகசியக் காவல்துறைத் தலைவர் யெஷோவ் பதவி இழந்தார், பெரியா வந்தார், 1940இல் யெஷோவே சுடப்பட்டார். குழாயைத் திறந்த ஸ்டாலினின் கையே மூடியது. திறக்கும் அதிகாரம் அதே கையில் இருந்தது. 1953 ஜனவரியில் தலைவர்களைக் கொல்ல மருத்துவர்கள் சதி என்று புதிய வழக்கு கிளம்பியபோது பழையது மீண்டும் வருகிறது என்று மேல்மட்டத்தில் எல்லோருக்கும் விளங்கியது. அதற்கு முந்தைய அக்டோபரில் மத்தியக் குழுக் கூட்டத்தில் தன் நீண்டகாலக் கூட்டாளிகளான மொலோட்டோவையும் மிக்கோயானையும் ஸ்டாலின் நேருக்கு நேர் தாக்கியிருந்தார். மொலோட்டோவின் மனைவி 1949 முதல் சிறையிலும் நாடுகடத்தலிலும் இருந்தார். கணவர் அரசின் மேல்மட்டக் கூட்டங்களில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார். சுட வேண்டியவர்களின் பட்டியல்களில் ஸ்டாலினோடு கையெழுத்துப் போட்டவரும் அதே மொலோட்டோவ்தான்.

மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். மார்ச் 27 அன்று பொதுமன்னிப்பு. பத்து லட்சத்துக்கும் அதிகமான கைதிகள் வெளியேற வழி பிறந்தது. ஏப்ரல் 4 அன்று மருத்துவர்கள் குற்றமற்றவர்கள் என்று செய்தி. இதையெல்லாம் வேகமாக முன்னெடுத்தவர் யார்? பெரியா. ரகசியக் காவல்துறையின் தலைவரே கதவைத் திறந்தார். மற்றவர்களுக்கு அதுவே பயமாக இருந்தது, ஏனென்றால் எல்லோருடைய கோப்பும் அவரிடம். ஜூன் 26 அன்று கிரெம்ளினில் கூட்டம். பிரதமர் மாலென்கோவ் பொத்தானை அழுத்தினார். பக்கத்து அறையில் காத்திருந்த மார்ஷல் ஷுக்கோவும் அதிகாரிகளும் துப்பாக்கியோடு உள்ளே வந்தார்கள். டிசம்பரில் பெரியாவை விசாரித்தது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்: வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை, தண்டனை உடனே. ஸ்டாலின் காலத்துப் பயங்கரத்தைத் தொடங்கிவைத்த அதே சட்டம். முடிப்பதற்கும் பழைய கருவிதான் கைக்குக் கிடைத்தது.

1956 பிப்ரவரி 25 அன்று கட்சித் தலைவர் குருஷ்சேவ் மூடிய அரங்கில் ஸ்டாலினின் குற்றங்களைப் பற்றி ஆற்றிய உரையை எல்லோரும் அறிவோம். 1934ஆம் ஆண்டுக் கட்சி மாநாட்டின் பிரதிநிதிகள் 1,966 பேரில் 1,108 பேர் கைதானதாக அவர் சொன்னபோது அரங்கம் உறைந்தது. ஆனால் அவர் எண்ணியது கட்சிக்காரர்களின் பிணங்களை. கூட்டுப்பண்ணை காலத்தில் பட்டினியில் செத்த விவசாயிகள் அந்த உரையில் இல்லை. அந்தக் கொள்கையை நடத்தியவர்கள் சிலர் அந்த அரங்கிலேயே இருந்தார்கள்.

1957 ஜூன் மாதத்தில் குருஷ்சேவைக் கவிழ்க்க முயன்று ஸ்டாலினின் பழைய கூட்டாளிகள் மொலோட்டோவ், மாலென்கோவ், ககனோவிச் தோற்றார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் என்றால் மூவருக்கும் நிலவறைதான். இப்போது மொலோட்டோவ் மங்கோலியாவுக்குத் தூதர். மாலென்கோவ் கஜகஸ்தானில் ஒரு மின்நிலையத்தின் நிர்வாகி. ககனோவிச் யூரல் பகுதியில் ஓர் ஆலைக்கு மேலாளர். ககனோவிச் 1991 வரை உயிரோடு இருந்தார். பயங்கரம் முடிந்த தேதியைக் கேட்டால் நான் சொல்வது இந்த ஜூன் மாதத்தைத்தான். பதவி போனவர் உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்று ஆனது அன்றுதான்.

அதே 1957 ஏப்ரலில் இங்கே இ.எம்.எஸ். ஓட்டுப் பெட்டி வழியாக முதலமைச்சர் ஆகியிருந்தார். கேரளத்தில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு என்ன ஆனது? 1986இல் நீக்கப்பட்ட எம்.வி. ராகவன் சொந்தக் கட்சி தொடங்கி 1991இல் அமைச்சரானார். 1994இல் நீக்கப்பட்ட கௌரி அம்மா 2001இல் எதிரணி அரசில் அமைச்சரானார். அமைச்சராவது பெரிய புண்ணியம் என்று சொல்ல வரவில்லை. தோற்றவருக்குப் போக வேறு இடம் இருந்தால், இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டிய அவசியம் குறைகிறது.

சீனத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் வார்ப்பு ஒன்றுதான். 1976 செப்டம்பர் 9 அன்று மாவோ மறைந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 6 இரவு கலாச்சாரப் புரட்சியை முன்னின்று நடத்திய அவர் மனைவி ஜியாங் சிங் உள்ளிட்ட நால்வர் கைது. கைதைச் செய்தது மாவோவின் சொந்த மெய்க்காவல் படை; அதன் தலைவர் வாங் தொங்சிங். சதியில் கூட இருந்த ஹுவா குவோஃபெங்கை மாவோவே வாரிசாகத் தேர்ந்திருந்தார். 1981இல் கட்சி தீர்மானம் போட்டது: மாவோவின் சாதனைகளே முதன்மை, தவறுகள் அடுத்தபடி. குற்றம் நால்வர் கணக்கில் ஏறியது.

இந்த மூன்று நாடுகளிலும் பொதுவாக ஒன்று இருந்தது: தலைவர் இல்லாத நேரத்திலும் கூட்டாளிகள் கூடி உட்கார்ந்து கைகளை எண்ணிப் பார்க்க ஓர் அறை. பாரிஸில் தேசிய மாநாடு, மாஸ்கோவிலும் பெய்ஜிங்கிலும் அரசியல் குழு. எவ்வளவு பணிந்து கிடந்தாலும் அந்த அறை கலைக்கப்படவில்லை. கம்போடியாவில் அந்த அறையே காலியாகிக்கொண்டிருந்தது. 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் நோம்பென்னைப் பிடித்த, போல் போட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கம் கெமர் ரூஜ், ஒரு நாட்டின் மக்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைப் பட்டினிக்கும் உழைப்புக்கும் கொலைக்கும் பலி கொடுத்தது. துவோல் ஸ்லெங் என்ற பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கி, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சித்திரவதை செய்து கொன்றது. அவர்களில் பெரும்பகுதி கட்சியின் சொந்த ஆட்களும் அவர்களின் குடும்பங்களும். அமைச்சர் ஹூ நிம் 1977இல் அங்கேதான் செத்தார். கிழக்கு மண்டலத் தலைவர் சோ ஃபிம் 1978இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். கைகளை எண்ண யாரும் மிஞ்சவில்லை. பயந்தவர்களுக்கு இருந்த ஒரே வழி எல்லை தாண்டுவது. கெமர் ரூஜ் படை அதிகாரிகளான ஹெங் சம்ரினும் ஹுன் செனும் வியட்நாமுக்கு ஓடினார்கள். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படையோடு திரும்பி வந்து ஆட்சியில் அமர்ந்தார்கள். அதை முடித்தவர்களும் பழைய கூட்டாளிகள்தான், அந்நியப் படையின் முதுகில் ஏறி வந்தவர்கள் என்பது மட்டும் வேறு.

தாய்லாந்து எல்லைக் காட்டில் போல் போட் இன்னும் பதினெட்டு ஆண்டுகள் தலைவராகவே இருந்தார். 1997 ஜூன் மாதத்தில் தன் பழைய பாதுகாப்பு அமைச்சர் சோன் சென் துரோகி என்று சந்தேகப்பட்டு, அவரைக் குடும்பத்தோடு கொல்ல ஆணையிட்டார். அடுத்தது தன் முறை என்று உணர்ந்த தளபதி தா மொக், போல் போட்டைப் பிடித்துக் காவலில் வைத்தார். மூங்கில் கொட்டகையில் ஒரு மக்கள் விசாரணை நடத்தி ஆயுள் சிறை என்று அறிவித்தார்கள். போல் போட் 1998 ஏப்ரல் 15 அன்று காவலிலேயே செத்தார். மறு ஆண்டு தா மொக்கைக் கம்போடிய அரசு கைது செய்தது; வழக்கு தொடங்குவதற்கு முன்பே 2006இல் அவரும் இறந்துபோனார். கைது செய்த அரசின் பிரதமர் ஹுன் சென்.